மகனுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ஒரு பெயரையும் ஓர் ஊரையும் என்னிடம் கொடுத்தால் போதும், அந்த ஆளின் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா யார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு நிபந்தனை, அவர் அமெரிக்கராக இருக்க வேண்டும். என்னுடைய சொந்தக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில்தான் எங்கள் ஆபீஸ். கீழே பப்ஸ் வேகிற வாசனை படியேறி வரும். மேலே நாங்கள் நாலைந்து பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கச் சர்ச்சுகளின் ஞானஸ்நானப் பதிவுகளையும் அடக்கப் பதிவுகளையும் படித்துக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் நிறைய பேருக்குத் தங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கப்பலேறி வந்து இறங்கியது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கிறது. பழைய பதிவுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோழி கிளறிய மாதிரிக் கையெழுத்து. அதைப் படித்து, மகன், அப்பா, தாத்தா என்று ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். அந்த முதல் ஆளை நாங்கள் ஆபீசில் ‘கப்பல்காரர்’ என்போம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கப்பல்காரர் உண்டு.

மறைமலை நகரில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. “செத்தவங்களத் தேடிக்கினு உக்காந்துக்கிறீங்களே அண்ணி, பயமா இல்ல?” என்று ஒருநாள் கேட்டாள்.

“உசுரோட இருக்கிறவங்ககிட்ட மல்லுக்கட்டுறதுக்கு இது எவ்வளவோ தேவல” என்றேன்.

இதற்கு முன் பல வருஷம் ஒரகடத்தில், காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். கார் கம்பெனியிலிருந்து ஒரு பாகம் சரியில்லை என்று திரும்பி வந்தால், அதன் மேல் குத்தியிருக்கும் லாட் நம்பரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். எந்த ஷிப்டு, எந்த மெஷின், எந்த இரும்பு என்று கடைசி வரை போய்ச் சொல்ல வேண்டும். அதில் நான் கில்லாடி. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது ஷிப்டு வேலை சரிப்பட்டு வரவில்லை, விட்டுவிட்டேன். இந்த ஆபீசில் வேலை கேட்டு வந்த அன்று ஓனர் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார். ஓனர் குன்றத்தூர்க்காரர், என்னைவிடச் சின்னவர். “இருக்குது சார். அங்க இரும்பு, இங்க மனுஷங்க. தேடுற வேலை ஒண்ணுதான்” என்றேன். மறுநாளே வரச் சொன்னார்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மாவின் ஃபைல் வந்தது. பொதுவாக வாடிக்கையாளர்கள் மெயிலோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த அம்மா, தேடப்போகிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். சரி என்று வீடியோவில் பேசினோம். எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், அவருக்குக் காலைக் காபி நேரம். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவராம். பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னது இதுதான். அவருடைய ஊரில் ஒரு குன்றின் மேல் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அந்த ஊருக்கு முதலில் வந்த கப்பல்காரர் எழுதி வைத்த நிலம். அவருடைய ரத்த வாரிசுகளையும் வாரிசுகளின் கணவன் மனைவியையும் மட்டும்தான் அங்கே அடக்கம் செய்ய முடியும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருக்கிறது. இந்த அம்மாவின் கணவர் அந்த வம்சத்தைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஒரே மகன். வாலிப வயதில் பனி விழுந்த சாலையில் கார் சறுக்கிச் செத்துப்போனான். அப்பா வழி உரிமையில் அவனை அந்தக் குன்றில் அடக்கம் செய்தார்கள். பிறகு கணவனும் மனைவியும் விவாகரத்து செய்துகொண்டார்கள். விவாகரத்தோடு இந்த அம்மாவுக்கு அங்கே இருந்த உரிமையும் போய்விட்டது.

“எங்கள் அம்மாவும் அந்தக் கப்பல்காரரின் வம்சம்தான் என்று சின்ன வயதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எப்படி என்று அவளுக்கும் தெரியாது. அது உண்மையாக இருந்தால் என் மகன் பக்கத்தில் என்னையும் வைப்பார்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். என் நுரையீரல் ரொம்ப நாள் காத்திருக்காது” என்றார்.

எனக்குப் பக்கத்து சீட்டில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். படிப்பு முடிந்து வந்தவள், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், என்னோடு சேர்ந்து ஃபைல் பார்ப்பவள். வீடியோ முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எக்கா, மவன் பக்கத்துல எடங் கேக்காவ. எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துரணும்க்கா” என்றாள்.

“குடுத்துடலாம். என்கிட்ட வந்துடுச்சில்ல” என்றேன். அப்படிப் பேசுவதுதான் என் பழக்கம், இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

எங்கள் வீடுகளில் எரித்துச் சாம்பலைக் கரைத்துவிடுவோம். செத்த பிறகு யார் பக்கத்தில் யார் என்ற கேள்வியே வராது. இருந்தாலும் அந்த அம்மா கேட்டது எனக்குப் புரிந்தது. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான்.

வேலை முதலில் மளமளவென்று நடந்தது. அந்த அம்மாவிலிருந்து மேலே ஏறிப் போனதில் மாவு மில் வைத்திருந்த ஒருவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். அதுவரை எல்லாம் இரும்பு மாதிரிச் சான்று. இன்னொரு பக்கம் கப்பல்காரரிலிருந்து கீழே இறங்கினேன். அவருடைய பேரன் வரைக்கும் வந்தாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு கண்ணி பாக்கி. மில்காரர் அந்தப் பேரனின் மகன் என்று காட்டிவிட்டால் முடிந்தது. பேரனின் பிள்ளைகளைத் தேடினேன். மில்காரரின் பெயரிலேயே ஒரு மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இருந்தது. அவ்வளவுதான், கீழே பேக்கரிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் பப்ஸ் சொல்லிவிட்டேன்.

பப்ஸ் சூடு ஆறுவதற்குள் அடக்கப் பதிவு கண்ணில் பட்டது. அந்தப் பிள்ளை பிறந்த வருஷமே செத்துப்போயிருந்தது.

கைப்பிள்ளையாகச் செத்தவன் எப்படி மில் வைக்க முடியும்? இன்னும் கொஞ்சம் பக்கங்கள் தள்ளிப் பார்த்தேன். அதே அப்பா, அதே அம்மா, அதே பெயரில் பிள்ளை என்று இன்னொரு ஞானஸ்நானப் பதிவு இருந்தது, சில வருஷம் தள்ளி. பழைய புத்தகங்களைப் பிற்பாடு பிரதி எடுக்கும்போது ஒரே பதிவை இரண்டு தடவை எழுதிவிடுவது சகஜம், வருஷமும் மாறிப்போகும். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்து, ‘டூப்ளிகேட்’ என்று சிவப்பில் குறித்து ஒதுக்கினேன். தூத்துக்குடிப் பெண்ணும் பார்த்தாள், மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.

எப்படி வரும்? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன லாட்டின் நம்பரை இன்னொரு லாட்டுக்குப் போடவே மாட்டோம். அந்த நம்பர் அதோடு செத்தது. வீட்டிலும் அதேதான். எனக்கு முன்னால் பிறந்த அக்கா ஒருத்தி கைக்குழந்தையாகவே போய்விட்டாள். அவளுடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெருவில் அதே பெயரில் ஒரு பெண் இருந்தாள் என்றும், அவளை அம்மா ‘அந்தப் பொண்ணு’ என்று மட்டும்தான் சொல்வாள் என்றும் அத்தை ஒருமுறை காதோடு சொன்னாள். பிறகு நான் பிறந்தபோது, எமன் கண்ணில் படக்கூடாது என்று என்னைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கேலி செய்ய ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்பார்கள். என்னை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள். வைத்த பெயரும் எமனே வேண்டாம் என்று திரும்பிப் போகிற மாதிரியான பெயர். ஸ்கூலில் சேர்க்கும்போது அப்பா வேறு பெயர் எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார். இப்படி வளர்ந்தவளிடம், செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருப்பார்களா என்று கேட்டால், யாராவது வைப்பார்களா என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பேன்.

மில்காரரின் பெற்றோர் யார் என்று தெரியவில்லை, கப்பல்காரர் வம்சத்தில் அந்தப் பெயர்கொண்ட பிள்ளை சிறுவயதில் இறந்துவிட்டது, ஆகவே தொடர்பு இல்லை என்று அறிக்கை அனுப்பினேன். அந்த அம்மா சுருக்கமாகப் பதில் போட்டார். “உழைப்புக்கு நன்றி. நெடுஞ்சாலைப் பக்கம் பொதுக் கல்லறை ஒன்று இருக்கிறது. அங்கே இடம் சொல்லி வைக்கிறேன்.” எனக்கு மனசு கனத்துப்போனது. ஆனால் சரியான பதிலைச் சொன்னோம் என்ற திருப்தியும் இருந்தது.

பொங்கல் கழிந்து வேறு ஒரு குடும்பத்தின் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூத்துக்குடிப் பெண் திடீரென்று நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்.

“எக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. ஒரே தாய் தகப்பனுக்கு ஒரே பேருல மூணு பொம்பளப் பிள்ளைய இருக்கு. ஒண்ணு செத்திருக்கு, அடுத்ததுக்கு அதே பேரு. அதுவும் செத்திருக்கு, மறுபடியும் அதே பேரு.”

“காப்பி பண்ணும்போது தப்பா எழுதியிருப்பாங்க.”

“இல்லக்கா. பாதிரியாரு பக்கத்துலயே எழுதியிருக்காரு. ‘இந்தப் பெயரில் மூன்றாவது’ன்னு கெடக்கு.”

நான் எட்டிப் பார்த்தேன். சந்தேகத்துக்கே இடமில்லாமல் எழுதியிருந்தது. மற்ற ஊர்ப் பதிவுகளையும் திறந்து பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்ட பிறகு எல்லா இடத்திலும் படுகிறது. பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயர். அந்தக் காலத்தில் அங்கே அது சர்வ சாதாரணமான வழக்கம். நாங்கள்தான் அதையெல்லாம் நகல் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

தூத்துக்குடிப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எக்கா, அப்போ அந்த அம்மாவோட ஃபைலு?” என்றாள்.

உடனே ஓனருக்குப் போன் செய்தேன். நான் ஒதுக்கிய அந்த இரண்டாவது பதிவு நகல் இல்லை, அது இரண்டாவது பிள்ளை, மில்காரர் அவனாக இருக்கலாம் என்று சொன்னேன்.

“இன்னா மேடம், குளோஸ் பண்ண ஃபைலப் போய் நோண்டிக்கினு. கஸ்டமர் கம்ப்ளெயின்டே பண்ல.”

“பிரேக்குல கோளாறுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா, எவனாவது மோதட்டும் பாக்கலாம்னு உக்காந்திருப்பாங்களா சார்? வித்த வண்டிய எல்லாம் திருப்பிக் கூப்புடுறாங்க இல்ல?”

“அது வண்டி மேடம். இது சாவக் கெடக்கிற மனுஷி. நீங்க ‘இருக்கலாம்’னு சொல்றீங்க. அந்த ரெண்டாவது பையனும் செத்திருந்தான்னா? முதல்ல இல்லைன்னோம், அப்பால இருக்கலாம்னு ஆசை காட்டிட்டு, திரும்பவும் இல்லைன்னு சொல்றதா? முழுசா நிரூபிச்சா அனுப்புங்க. இல்லன்னா அப்படியே வுட்டுடுங்க.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால் கோபம் இன்னும் கூடியது. போனை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அம்மா ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயில் ஆபீசில் வேலை பார்த்த என் அப்பா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். “இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

நானும் ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

“செத்துப்போன புள்ளையோட பேரையா வெச்சாங்க?”

“ஆமாம்மா. அங்க எல்லாருமே அப்படித்தான் வெச்சிருக்காங்க.”

“எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்றாள். இன்னொரு காம்பை எடுத்து இலையை உருவினாள். பிறகு, “இல்ல, அந்தப் பேர வுடுறதுக்கு மனசு வரலியோ இன்னாவோ. கூப்புட்டுக்கினே இருக்கணும்னு இருந்திருக்கும்” என்றாள்.

அம்மா அக்காவைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று தெரிந்தது. என் வயதுக்கு அதுவரை ஒருமுறைகூட அவள் பேசியதில்லை.

“உங்க அக்காவ எங்க பொதைச்சோம்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதும்மா.”

“கொயந்தைய எரிக்க மாட்டாங்க இல்ல. ஏரிக்கு அந்தாண்ட பனமரமா இருந்துச்சே, அங்கதான். நானு போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பாதான் தூக்கினு போனாரு. அப்பால ஒருவாட்டி அவரு கூட்டினு போயி எடத்தக் காட்டினாரு. பொறவு நானா போயி போயிப் பாத்துட்டு வருவேன், யாருக்கும் தெரியாது.” கீரைக் காம்பை ஒடித்துத் தனியாகப் போட்டாள். “இப்ப அந்த எடம் ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள்ள கீது. லாரி நிறுத்துறாங்க. கேட்டுல வாச்மேன் நிக்கிறான். அவன்கிட்ட இன்னான்னு சொல்லி உள்ள வுடச் சொல்றது?”

அந்தக் காம்பவுண்டு இருக்கும் ரோட்டில்தான் நான் வருஷக்கணக்காகக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பியவள் இவள்தான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்காமல் அழுதேன். அம்மா அழவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “அந்தம்மாவுக்காவது புள்ள பக்கத்துல எடம் கெடைக்கட்டும். ஓனரு சொன்னான்னு வுட்டுடாத. ஒயுங்கா தேடிக் குடு” என்றாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் தூத்துக்குடிப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டாவது பிள்ளை உயிரோடு வளர்ந்தான் என்று காட்ட வேண்டும். அவன்தான் மில்காரர் என்றும் காட்ட வேண்டும். சர்ச் பதிவில் அதற்கு வழியில்லை. மில்காரரின் கல்யாணப் பதிவில் அப்பா பெயரே எழுதவில்லை. “சர்ச்ச விடு. நெலத்தப் பாக்கலாம்” என்றேன்.

இதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பெனிகள் வந்து நிலத்தின் விலை ஏறியதிலிருந்து, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் யாரைக் கேட்டாலும் தாய்ப்பத்திரம், வில்லங்கம், நான்கெல்லை என்று பிட்டுப் பிட்டு வைப்பார். ஒரு நிலத்தை விற்கிறவன் கைக்கு அது யாரிடமிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் அப்பா பங்குக்கு வந்த ஒரு துண்டு நிலத்துக்காக நானே ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் தவம் கிடந்திருக்கிறேன். அமெரிக்கர்களும் அந்தக் காலத்தில் நான்கெல்லை போட்டுத்தான் பத்திரம் எழுதியிருக்கிறார்கள்.

மில்காரர் வயதான காலத்தில் மில்லை நிலத்தோடு விற்ற பத்திரம் ஏற்கெனவே கையில் இருந்தது. வடக்கே ஓடை, மேற்கே இரண்டாகப் பிளந்த பாறை, தெற்கே ஒரு விதவையின் ஆப்பிள் தோட்டம், கிழக்கே ஊருக்குப் போகும் பாதை. நிலம் யாரிடமிருந்து வந்தது என்று அதில் இல்லை. அப்படியானால் தாய்ப்பத்திரம் எங்கேயாவது இருந்தாக வேண்டும். கப்பல்காரரின் பேரன் எழுதிக் கொடுத்த பத்திரங்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மற்ற ஃபைல்களுக்கு நடுவே கிடைத்த நேரமெல்லாம் இதற்குத்தான் போனது. மாட்டை விற்றதற்குப் பத்திரம், வேலி போட்டதற்குப் பத்திரம், சர்ச்சில் உட்காரும் பெஞ்சுக்குக்கூடப் பத்திரம். மனுஷன் எழுதித் தள்ளியிருந்தார்.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு வந்து கண் சொக்குகிற நேரத்தில், தூத்துக்குடிப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எக்கா, பாறை. ரெண்டாப் பொளந்த பாறை. வடக்க ஓடை, கெழக்க பாதை. தெக்க அந்த ஆப்பிள் தோட்டத்து விதவையோட புருசன் பேரு கெடக்கு. அப்போ அவரு உசுரோட இருந்திருக்காரு.”

பேரன் தன் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அது. ‘என் மகன் மேல் எனக்குள்ள அன்பினாலும், அவன் அங்கே மில் கட்ட விரும்புவதாலும்’ என்று எழுதி, மகனின் பெயரும் போட்டிருந்தது. செத்த பிள்ளையின் பெயர்தான். முதல் பிள்ளையை அடக்கம் செய்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதிய பத்திரம். செத்தவனுக்கு யாரும் நிலம் எழுதி வைக்க மாட்டார்கள்.

நான் துள்ளிக் குதிக்கவில்லை, போனமுறை அவசரப்பட்டு பப்ஸ் சொன்னது நினைவிருந்தது. இந்தப் பிரச்சினையே தெரியாத இன்னொரு பெண்ணிடம் இரண்டு பத்திரத்தையும் கொடுத்து, எல்லைகளைத் தனியாக எழுதித் தரச் சொன்னேன். கம்பெனியில் ஒருவர் அளந்ததை இன்னொருவர் தெரியாமல் அளப்பது வழக்கம். அவள் எழுதியதும் எங்களுடையதும் ஒன்றாகவே இருந்தன. ஓனருக்கு அனுப்பினேன். அவர் குன்றத்தூரில் மனை வாங்கி வாங்கி விற்ற ஆள், அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உடனே போன் வந்தது.

“தாய்ப்பத்திரத்தையே புடிச்சிட்டீங்களா? அப்புறம் இன்னா, அனுப்புங்க மேடம். அந்த அம்மாவுக்கு பில் எதுவும் போடாதீங்க.”

மெயிலின் முதல் வரியிலேயே, நான் முன்பு சொன்னது தவறு என்று எழுதினேன். சுற்றி வளைக்கவில்லை. எங்கள் நாட்டில் இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்க மாட்டோம், அதனால் உங்கள் முன்னோரை நான் செத்தவராகக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டேன், அவர் வாழ்ந்தார், மில் கட்டினார், நீங்கள் அவருடைய நேர் வாரிசு, கப்பல்காரரின் ரத்தம் என்று எழுதி, கமிட்டிக்குக் கொடுக்கப் பத்திரங்களையும் இணைத்தேன்.

பதில் வரவில்லை. காலையில் வந்ததும் முதலில் மெயிலைத்தான் திறப்பேன். ஒன்றும் இருக்காது. தூத்துக்குடிப் பெண் கேட்கமாட்டாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். வீட்டில் அம்மா மட்டும் தினமும் கேட்டாள். “அந்தம்மா இன்னா சொன்னாங்க?” மூச்சுக்குழாயோடு பார்த்த முகம் கண்ணிலேயே நின்றது. நான் முதல் தடவையே ஒழுங்காகப் பார்த்திருந்தால் மழைக்காலத்திலேயே முடிந்திருக்கும். நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்களோ என்று பயந்தேன். பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல் வேலை பார்த்தேன், சாப்பாடுதான் இறங்கவில்லை.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற நேரமானது. திறந்ததும் அந்த அம்மாவின் மெயில் மேலே இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தாராம், இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாராம். கமிட்டிக்காரர்கள் பத்திரங்களைப் பார்த்து, அவர் கப்பல்காரரின் வாரிசுதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்.

பச்சைப் புல் முளைத்த குன்று. மகனின் கல்லறைக் கல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு புதுக் கல் நட்டிருந்தார்கள். அதில் அந்த அம்மாவின் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது. இரண்டு கல்லுக்கும் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு, மூக்கில் குழாயோடு, கையில் காபிக் கோப்பையோடு அவரே உட்கார்ந்திருந்தார். ஒரு கை மகனின் கல் மேல் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“எக்கா, உசுரோட இருக்கையிலயே கல்லுல பேரு வெட்டியாச்சா?” என்று தூத்துக்குடிப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். எனக்கும் ஒரு கணம் பகீரென்றது. பிறகு படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“இடம் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் இங்கே வந்து இவனோடு காபி குடிக்கிறேன். இனி எனக்கு அவசரமில்லை.”

ஆபீசில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். வீட்டுக்கு வந்த பெரியவர்கள் கிளம்பும்போது வாசல்வரை போய், ‘நிதானமாப் போங்க, மெதுவாப் போங்க’ என்று சொல்லி அனுப்புவோம். எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. அதை மட்டும் ஆங்கிலத்தில் தட்டி, அம்மா என்று முன்னால் சேர்த்து, அனுப்பினேன்.